பெறுநர்: யார் வேண்டுமானாலும்

புத்திசாலிகள் நடத்தும் பார்சல் நிறுவனங்களும் நாட்டில் இருக்கின்றன. அங்கே மூட்டை ஏறுகிறது, இறங்குகிறது. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே நாம் கொடித்துறைப்பாளையத்தில் இருக்கும் பொன்னூசி பார்சல் சர்வீசுக்குப் போவோம்.

அந்த நிறுவனத்துக்கு லாரிகள் உண்டு, குடோன் உண்டு, ஒரு கொள்கையும் உண்டு. அனுப்பிய சரக்கு குடோனில் இருக்கக் கூடாது. குடோனில் இருக்கிற சரக்கை அனுப்பியதாக எழுதக் கூடாது. இதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. குடோன் கீப்பர் நாச்சிமுத்து இந்தக் கொள்கையைத் தன் உயிரைப் போலக் காத்து வந்தார். ஒரு முறை, அனுப்பிவிட்டதாக எழுதியிருந்த மாவரைக்கும் இயந்திரம் ஒன்று மூலையில் நிற்பதைக் கண்டு, தானே அதைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்திவிட்டு வந்தார். மழையில் அது துருப்பிடித்தது. கணக்கு துருப்பிடிக்கவில்லை.

முதலாளி வையாபுரியின் மகள் மதுவந்தி, கல்லூரி விடுமுறையில் பொழுது போகாமல் இந்த நிறுவனத்துக்காக ஒரு மென்பொருள் எழுதினாள். அதற்கு ‘அடுக்கு’ என்று பெயர் வைத்தாள். லாரியில் எந்த மூட்டையை முதலில் ஏற்றுவது, எதைக் கடைசியில் ஏற்றுவது என்று அது சொல்லும். வழியிலேயே இறங்க வேண்டியது கதவோரமாக இருக்க வேண்டும். கடைசி ஊருக்குப் போவது உள்ளே, டிரைவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் பொன்னூசியில் வேறு யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. அடுக்கு வந்த பிறகு சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மதுவந்தி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அடுக்கைப் பார்த்துக்கொள்ளக் கணினிப் பிரிவு என்று ஒன்று உண்டாயிற்று.

அதன் தலைவர் தெய்வசிகாமணி. முன்பு புக்கிங் கவுண்டரில் இருந்தவர். கணினி அறைக்கு மிக அருகில் இருந்தது அவருடைய நாற்காலி என்பதால் அவர் தலைவரானார். அவருக்குக் கீழே யுவராணி, பொறியியல் பட்டதாரி. எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். எதற்காக என்பதைப் பெரியவர்களிடம் விட்டுவிடுவாள்.

தெய்வசிகாமணியின் மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று. அதில் அவர் பெயருக்குக் கீழே ‘தலைவர், கணினிப் பிரிவு’ என்று சற்றுப் பெரிய எழுத்திலேயே போட்டிருந்தார்கள். சம்பந்தி அருணகிரி, தேனியில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதியிருப்பது ஒன்று, இருப்பது வேறொன்று என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்துவிடுகிற மனிதர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்து அந்தப் பிரிவைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் மதுவந்தி போன் செய்தாள்.

“சிகாமணிண்ணா, அடுக்கை ஓபன் சோர்ஸா விட்டுடலாம்னு அப்பாகிட்டச் சொல்லியிருக்கேன்.”

அகராதிக்காரர்கள் திறமூலம் என்று சொல்லும் இந்த ஏற்பாட்டை அவள் பொறுமையாக விளக்கினாள். மென்பொருளை, அது எப்படி எழுதப்பட்டது என்பது உட்பட, இணையத்தில் பொதுவில் வைத்துவிடுவது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

“வெளியாளுங்க யாராவது தப்பு கண்டுபிடிச்சுச் சொன்னா கோவிச்சுக்காதீங்க. நன்றி சொல்லுங்க.”

“சொல்லிப்போடலாம் அம்மிணி.”

முதலாளி தெய்வசிகாமணியைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். “பாப்பா ஆசைப்படுது. அது வெளிய போயிரோணும். இங்க வேலையும் கெடக் கூடாது. ஒழுங்கா முடிச்சீங்கன்னா செக்சன் இருக்கும். இல்லைன்னா பூட்டிப்போட்டு, நீங்க மறுபடியும் கவுண்டர்ல போய் உக்காந்துக்குங்க.”

தெய்வசிகாமணிக்குச் சார்பதிவாளரின் முகம் கண்முன் வந்து நின்றது.

அனுப்புவது என்று முடிவான பிறகு முறைப்படி புக்கிங் போட வேண்டும். பெறுநர் யார் என்பதில் முதல் சிக்கல் எழுந்தது.

“யாருக்குன்னு போடறதுங்க?” என்று கேட்டாள் யுவராணி.

“யார் வேணும்னாலும்னுதான அம்மிணி சொல்லுச்சு? அப்படியே போடு.”

“ஊருங்க?”

“எந்த ஊரா இருந்தாலும்.”

நாச்சிமுத்து குறுக்கிட்டார். “போட்டுக்குங்க. ஆனா ‘யார் வேணும்னாலும்’னு ஒருத்தன் வந்து நின்னா, அடையாள அட்டை பாக்காம நான் குடுக்க மாட்டேன்.”

அடுத்தது எடை. அடுக்கு இருந்த கணினியைத் தூக்கித் தராசில் வைத்தார்கள். பிறகு அடுக்கு இல்லாத பக்கத்துக் கணினியை வைத்தார்கள். அடுக்கு இல்லாததுதான் கனமாக இருந்தது.

“நல்ல சாப்ட்வேருன்னா அப்படித்தான்,” என்றார் தெய்வசிகாமணி. “பாரத்தைக் குறைக்கோணும்.”

யுவராணி பொத்தானை அழுத்தினாள். அடுக்கு இணையத்துக்குப் போயிற்று. ஆளுக்கொரு டீயும் கடலை பர்பியும் சாப்பிட்டார்கள். கதை இங்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் நாச்சிமுத்து வழக்கம்போல மாலையில் சரக்கைச் சரிபார்க்க வந்தார்.

“அடுக்கு அனுப்பியாச்சுன்னு எழுதியிருக்குது,” என்றார். “ஆனா கம்ப்யூட்டர்ல அப்படியே கெடக்குது. ரெண்டுல ஒண்ணு பொய்.”

“நெட்ல ஒண்ணு இருக்குதுங்கண்ணா. இங்க ஒண்ணு இருக்குது,” என்றாள் யுவராணி.

“நம்மகிட்ட இருந்தது எத்தனை?”

“ஒண்ணுங்க.”

“இப்ப ரெண்டுங்கறே. இன்னொண்ணு யாருளுது?”

“அதுவும் நம்முளுதுதானுங்க.”

“பில்லு இருக்குதா?”

யுவராணி தெய்வசிகாமணியைப் பார்த்தாள். தெய்வசிகாமணி மின்விசிறியைப் பார்த்தார். சரக்கு குறைந்தால் திருட்டுப் போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். சரக்கு கூடினால் என்ன சொல்வது? யாருடையதையோ நாம் வைத்திருக்கிறோம் என்று ஆகிவிடும். கல்யாண வீட்டில் இப்படியொரு பேச்சு வரலாமா?

“அழிச்சுப்போடு கண்ணு,” என்றார்.

யுவராணி அழித்தாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வேறிடத்தில் சேமித்து வைத்திருந்ததையும் அழித்தாள். நாச்சிமுத்து எட்டிப் பார்த்து, கணினியில் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் நாகர்கோவிலிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. செல்வின் என்பவர் எழுதியிருந்தார். சிப்ஸும் வாழைத்தாரும் லாரியில் அனுப்புகிறவராம். ‘உங்கள் அடுக்கை எடுத்துக்கொண்டேன். அருமையாக இருக்கிறது. மிக்க நன்றி.’

தெய்வசிகாமணி அதை உரக்க வாசித்தார். முதலாளியிடம் ஒரு முறை, லாரி டிரைவர்களிடம் ஒரு முறை, வீட்டுக்குப் போன் செய்து ஒரு முறை வாசித்தார். நாச்சிமுத்து மட்டும் முகம் மாறாமல் சொன்னார்.

“அப்ப டெலிவரி ஆயிருச்சு.”

“ஆயிருச்சுங்கண்ணா. சந்தோசமா வாங்கிக்கிட்டாரு,” என்றாள் யுவராணி.

“பின்ன அந்த நெட்ல இன்னும் ஏன் கெடக்குது? டெலிவரி ஆன சரக்கு நடுவழியில கெடந்தா, அந்த எடத்துக்காரன் வாடகை கேப்பான்.”

அடுக்கு இணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டது.

அடுத்து நடந்ததை வாசகர் ஊகித்திருப்பார். கணினிப் பிரிவு ஊகித்திருக்கவில்லை. சுமை ஏற்றுகிறவர்கள் வழக்கம்போல வந்து, எதை முதலில் ஏற்றுவது என்று கேட்டார்கள். சொல்வதற்கு அடுக்கு இல்லை. பிரிவு கூடி ஆலோசித்தது.

“யார் முதல்ல புக் பண்ணாங்களோ அவங்க சரக்கு முதல்ல ஏறோணும். அதுதான் நாயம்,” என்றார் தெய்வசிகாமணி.

நியாயமாகத்தான் ஏற்றினார்கள். தாராபுரத்துக்காரர் விடியும் முன்பே வந்து புக் செய்திருந்தார். எனவே அவருடைய மூட்டை டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. அதன்மேல் திருநெல்வேலி வரைக்குமான எல்லா ஊர்களும் ஏறிக்கொண்டன. தாராபுரத்திலிருந்து டிரைவர் குப்புராஜ் போன் செய்தார்.

“ஏனுங்க, இங்க எறக்க வேண்டியது முன்னாடி கேபினுக்கிட்ட கெடக்குது. கதவு பின்னாடி இருக்குது. என்ன பண்ணட்டுமுங்க?”

தெய்வசிகாமணி போனைப் பொத்திக்கொண்டு மற்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். நாச்சிமுத்து யோசித்தார். “முன்னாடி இருக்கறது பின்னாடி வரோணும். அப்ப வண்டியைப் பின்னாடியே ஓட்டச் சொல்லுங்க.”

குப்புராஜ் சொன்னதைச் செய்கிறவர். ஊர் எல்லைக்குப் போய், அங்கிருந்து தாராபுரம் கடைவீதி வரை லாரியைப் பின்பக்கமாகவே ஓட்டி வந்தார். வழியில் ஒரு தயிர்க்கடைக்காரர் அவரோடு நெடுநேரம் பேசினார். அந்தப் பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை. வந்து சேர்ந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் போன் செய்தார்.

“மூட்டை நவுரவே இல்லீங்க.”

“மெதுவா ஓட்டியிருப்பீங்க,” என்றார் தெய்வசிகாமணி, வருத்தத்துடன்.

அந்த வாரம் முழுவதும் பொன்னூசி லாரிகள் தென் மாவட்டங்களில் எல்லாத் திசைகளிலும் ஓடின. முதலாளி கணினி அறைக்கு வந்தார். வாசற்கதவின் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். தெய்வசிகாமணி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கடைசியில் மதுவந்திக்குப் போன் செய்தார். அவளே முதலில் கேட்டாள்.

“ஏன்ணா நெட்ல அடுக்கு இருந்த பக்கம் காலியா இருக்கு?”

“டெலிவரி ஆயிருச்சு அம்மிணி. நாகர்கோவில்ல செல்வின்னு ஒருத்தர் வாங்கிக்கிட்டாரு.”

“உங்ககிட்ட இருக்கறதை மறுபடியும் ஏத்துங்க.”

“எங்ககிட்ட எப்படீங்க இருக்கும்? அனுப்பிட்டமே.”

அவளுடைய பழைய பிரதியும் நிறுவனத்தின் கணினியில்தான் இருந்தது.

“அந்த நாகர்கோவில்காரர்கிட்டக் கேட்டு வாங்குங்கண்ணா,” என்றாள். “அவரோட நம்பரை எனக்கும் குடுங்க.”

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது தெய்வசிகாமணிக்குக் கூச்சமாக இருந்தது. செல்வினை அழைத்து, வீட்டில் கல்யாணம் என்பதிலிருந்து ஆரம்பித்தார். செல்வின் முழுவதையும் கேட்டுவிட்டு, “அதுக்கென்ன சார், இப்பவே மெயில்ல அனுப்புதேன்,” என்றார்.

“உங்க தொழில் என்னங்க ஆகும்?”

“எனக்கு என்ன சார் ஆகும்? எங்கிட்டயும் இருக்கும்லா.”

தெய்வசிகாமணி போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எப்படிப்பட்ட மனுசன் பாருங்க. இருக்கறதைத் தூக்கிக் குடுத்துட்டு, எங்கிட்டயும் இருக்குன்னு நமக்கு ஆறுதல் சொல்றாரு.”

மின்னஞ்சல் வந்தது. அடுக்கு வேலை செய்தது. லாரிகள் முன்பக்கமாக ஓடத் தொடங்கின. அடியில் செல்வின் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். வாழைத்தாருக்கு மேலே சிமெண்டு மூட்டையை வைக்கச் சொல்லி அடுக்கு யோசனை சொல்கிறது. அதைச் சரிசெய்திருக்கிறேன் என்று.

நாச்சிமுத்து இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “போனபடியே திரும்பி வரலை. உள்ள கையை வெச்சிருக்கான். டேமேஜுன்னு எழுதோணும்.”

“தப்பு சொன்னா நன்றி சொல்லோணும்னு அம்மிணி சொல்லியிருக்குதுங்க,” என்றாள் யுவராணி.

இரண்டையும் செய்தார்கள். அன்புடையீர், தங்களால் சரக்குக்கு ஏற்பட்ட சேதத்துக்கு எங்கள் மனமார்ந்த நன்றி என்று ஒரு பதில் போயிற்று.

ஆனால் ஒரு கவலை எஞ்சியிருந்தது. செல்வின் சொன்னது ஆறுதலா, உண்மையா என்று விசாரித்ததில், அவரிடம் உண்மையிலேயே இன்னொரு அடுக்கு இருப்பது தெரிந்தது.

“மெயில்ல அனுப்பினா குட்டி போடுது,” என்றார் நாச்சிமுத்து. “நம்ம லாரியில என்னைக்காச்சும் ஒரு மூட்டை ரெண்டாப் போய்ச் சேந்திருக்குதா?”

சேர்ந்ததில்லை. ஆகவே, அடுக்கை ஒரு பென் டிரைவில் போட்டு, கணினியில் இருப்பதை அழித்து, பென் டிரைவை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, வைக்கோல் திணித்து, லாரியில் அனுப்புவது என்று முடிவாயிற்று. எல்லாப் புக்கிங் ஆபீசிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். ‘அடுக்கு இலவசம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர். வைக்கோலையும் திருப்பித் தரவும்.’

இதே சமயத்தில் மதுவந்தியும் செல்வினும் சேர்ந்து வேறொரு இணையப் பக்கத்தில் அடுக்கை மறுபடியும் பொதுவில் வைத்தார்கள் என்றும், அது எங்கெங்கோ நன்றாக நடக்கிறது என்றும் கேள்வி. அந்தக் கதையில் வருகிறவர்கள் விவரமானவர்கள். அதனால் சுவாரசியம் குறைவு.

பொன்னூசியின் அடுக்கும் ஊர் ஊராகப் போயிற்று. பழனியில் ஒருவர் வாங்கிப் பார்த்தார், ராமநாதபுரத்தில் ஒருவர் வாங்கிப் பார்த்தார். அடுக்கு ஊரில் இல்லாத நாட்களில் லாரிகளும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. டீசல் செலவு பாதியாகக் குறைந்ததைக் கண்ட முதலாளி, கணினிப் பிரிவைப் பற்றிய தன் கருத்தை மாற்றிக்கொண்டார். “பாப்பா சொன்னா அதுல அர்த்தம் இருக்கும்,” என்றார். தெய்வசிகாமணி மறுபடியும் மத்தியானம் சாப்பிட ஆரம்பித்தார். இனி சம்பந்தி வந்து பார்த்துவிட்டால் போதும்.

சம்பந்தி வந்த அன்று, அடுக்கைத் தேனிக்குக் கேட்டிருந்தார்கள். தேனிதான் அந்த லாரிக்குக் கடைசி ஊர். பெட்டியை உள்ளே தள்ளி வைத்து, மற்றச் சரக்கெல்லாம் ஏற்றி முடிக்கும் நேரத்தில் அருணகிரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வண்டியைக் குடோன் முற்றத்தில் நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“பிரிவு இதுதானா?”

“இதுதானுங்க சம்பந்தி.”

“மென்பொருள் எங்கே?”

“அந்த லாரியில இருக்குதுங்க. அரிசி மூட்டைக்குப் பின்னால.”

அருணகிரி லாரியைப் பார்த்தார். “என் பையன் கம்பெனியில மென்பொருள் எங்க இருக்குன்னு கேட்டா மேகத்துல இருக்குன்னு சொல்றான். நீங்க இடம் காட்டிச் சொல்றீங்க. அதுவரைக்கும் சரி. ஆனா கண்ணால பார்க்காம நான் எதையும் ஒத்துக்கிறதில்லை.”

தெய்வசிகாமணி கையை உயர்த்தினார். சுமைக்காரர்கள் லாரியை மறுபடியும் காலி செய்தார்கள். மூட்டைகள் முற்றம் முழுவதும் பரவின. பெட்டியைத் திறந்து, வைக்கோலை விலக்கி, பென் டிரைவைக் கணினியில் சொருகினாள் யுவராணி. அடுக்கு திரையில் வந்தது. எதை எங்கே ஏற்றுவது என்று வரிசையாகச் சொல்லிற்று. சார்பதிவாளர் அதைக் கிரயப் பத்திரம் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“சரியா இருக்கு,” என்றார்.

தெய்வசிகாமணி சம்பந்தியை முதலாளி அறைக்கு அழைத்துப் போய் டீயும் பஜ்ஜியும் வரவழைத்தார்.

நாச்சிமுத்துவுக்கு முற்றத்தில் வேலை இருந்தது. சரக்கெல்லாம் கீழே இறங்கிவிட்டதால், முதலிலிருந்து எண்ணினார். புதிதாக ஒரு ஸ்கூட்டர் நின்றது. முகவரிச் சீட்டு ஒட்டவில்லை. ஆனால் நம்பர் பலகையில் தேனிப் பதிவு எண் தெளிவாக இருந்தது.

“இதுவும் தேனிக்குத்தான் கண்ணு,” என்றார். “சேத்துக்கோ.”

யுவராணி சேர்த்துக்கொண்டாள். எதை எங்கே வைப்பது என்று அடுக்கு சொன்னது. அதன்படி அடையாளம் போட்டுக் கொடுத்துவிட்டு, பென் டிரைவை எடுத்துப் பெட்டியில் வைத்து, கணினியில் இருந்ததை அழித்தாள். பெட்டி ஏறியது. எல்லாமே ஏறின. கதவைச் சாத்திக் கயிறு கட்டினார்கள்.

அருணகிரி வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“என் ஸ்கூட்டர் எங்கே?”

“ஏத்தியாச்சுங்க,” என்றார் நாச்சிமுத்து. “தேனி நம்பருங்க அது.”

“இறக்குங்க.”

“எறக்கிப்போடலாமுங்க. ஆனா அது எங்க இருக்குதுன்னு அடுக்கைக் கேட்டாத்தான் தெரியும்.”

“கேளுங்க.”

“அடுக்கு வண்டிக்குள்ள இருக்குதுங்களே.”

“உள்ளே எந்த இடத்துல?”

“அது எனக்கு நல்லாத் தெரியுமுங்க. உங்க ஸ்கூட்டருக்கு நேர் பின்னால.”

தெய்வசிகாமணி கண்களை மூடிக்கொண்டார். கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம், பத்திரிகை, சற்றுப் பெரிய எழுத்து எல்லாம் அவர் மனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

சார்பதிவாளர் யோசித்தார். “ஸ்கூட்டர் லாரியில இருக்குன்னு எழுதியிருக்கா?”

“எழுதியிருக்குதுங்க.”

“லாரியிலதான் இருக்கா?”

“லாரியிலதானுங்க இருக்குது.”

“அப்ப இதுல குத்தம் சொல்ல எனக்கு இடமே இல்லை,” என்றார் அருணகிரி. தன் பணிக்காலம் முழுவதும் எழுதியதும் இருந்ததும் இப்படிப் பொருந்திய ஓர் இடத்தை அவர் பார்த்ததில்லை. தெய்வசிகாமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சம்பந்தி, முகூர்த்தத்துக்கு வந்துடறேன். இப்ப இந்த லாரியிலேயே தேனிக்குப் போய் வண்டியை டெலிவரி எடுத்துக்கறேன்.”

எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் அவரை லாரியில் எந்த இடத்தில் ஏற்றுவது என்று சொல்ல வேண்டிய அடுக்கு உள்ளே இருந்தது. எனவே லாரி அவரில்லாமல் கிளம்பியது. அடுக்கு தேனியிலிருந்து திரும்பி வந்ததும் கேட்டுச் சொல்வதாக அவரிடம் உறுதி கூறி, குடோனில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

சார்பதிவாளர் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. நாற்காலி கதவோரமாக இருக்கிறதே, வழியிலேயே இறக்கிவிட வேண்டிய சரக்கு என்று தன்னை யாராவது நினைத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நாச்சிமுத்து நாற்காலியோடு சேர்த்து அவரைத் தூக்கி உள்ளே, சுவரோரமாக வைத்து, முன்னால் நான்கு அரிசி மூட்டைகளை அடுக்கினார்.